கம்பளிமேல் லேப்டாப் வைக்காதீர்கள்

கோத்தகிரியில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளைகள் இப்போது நிறைய. டிடிபி வேலையை (கம்ப்யூட்டரில் பத்திரிகை, நோட்டீஸ் வடிவமைப்பது) ஆரம்பித்த காலத்தில் நான் செய்த அதே தவறுகளைத்தான் இவர்களிடமும் பார்க்கிறேன். கீபோர்டில் டீ கொட்டக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

கம்பளிமேல் வைத்து வேலை செய்வது

மார்கழிக் குளிரில் கட்டிலைவிட்டு இறங்க மனம் வராது. காலுக்குமேல் கம்பளி, கம்பளிமேல் லேப்டாப். "இந்தக் குளிர்ல இது எங்கண்ணா சூடாகப் போகுது?" என்று போன வாரம்கூட ஒரு தம்பி கேட்டான். நானும் ஒரு காலத்தில் பேசிய பேச்சுதான். ஆனாலும் காதில் விழும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

பெரும்பாலான லேப்டாப்கள் அடிப்பக்கத் துளைகள் வழியாகக் காற்றை உள்ளே இழுக்கும். வெளியே எட்டு டிகிரி குளிர் அடித்தாலும், அந்தக் காற்று உள்ளே போனால்தானே பயன்? கம்பளி துளைகளை அடைத்துவிடுகிறது. உடம்புச் சூடு வெளியே போகாமல் இருக்கத்தானே கம்பளி போர்த்துகிறோம்? லேப்டாப்பின் சூட்டையும் அது அப்படியே பிடித்து வைக்கும். சூடு மிஞ்சினால் பிராசஸர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அரை மணி நேர வேலை இழுத்துக்கொண்டே போகும். அவ்வளவு நேரமும் விசிறி முழு வேகத்தில் சுற்றும், திரையும் எரியும். மிஷின் பழசாகிவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கியவர்கள்கூட இருக்கிறார்கள்.

நான் இரண்டு குளிர்காலம் அப்படியே ஓட்டினேன். கம்பளி நூல் விசிறிக்குள் போய், சூட்டை வெளியேற்றும் தகடுகளுக்கு நடுவே பஞ்சாக அடைத்துக்கொண்டது. பேட்டரி வீங்கி டச்பேடைத் தூக்கிய பிறகுதான் கவனித்தேன். கையில் ஒரு கல்யாணப் பத்திரிகை பாதியில் நின்றது. கீழே கோவைக்கு இறங்கி, விசிறியும் பேட்டரியும் மாற்றித் திரும்ப நான்கு நாள். அதற்குள் கல்யாண வீட்டார் வேறு இடத்தில் பத்திரிகை அச்சடித்துவிட்டார்கள். செலவைவிட, சொன்ன நாளில் கொடுக்க முடியாமல் போனதுதான் வலித்தது. உங்கள் பேட்டரி வீங்கியிருந்தால் அழுத்தாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். தீப்பிடிக்கக்கூடியது அது.

கழுத்துவலியும் இதே பழக்கத்தில்தான் வருகிறது. மடியில் இருக்கும் திரையைப் பார்க்க மணிக்கணக்கில் குனிந்தே இருக்கிறோம். கம்பளி காலில் இருக்கட்டும், லேப்டாப் மேசைக்குப் போகட்டும். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி உயர்த்தி, தனி கீபோர்டும் மவுஸும் வைத்துக்கொள்ளுங்கள். கட்டிலைவிட்டு இறங்கவே முடியாது என்றால், அடியில் ஒரு மரப்பலகையாவது வையுங்கள்.

ஹீட்டரையும் அதே எக்ஸ்டென்ஷனில் சொருகுவது

2000 வாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். கம்ப்யூட்டருக்கு வாங்கிய சாதாரண எக்ஸ்டென்ஷன் 6 ஆம்பியர் தாங்குவது. ஒயர் சூடாகி உருகக்கூடும். ஹீட்டருக்குத் தனியாக 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும்.

அப்புறம் கரண்ட் பில். ஹீட்டர் ஒரு மணி நேரத்தில் தின்னும் 2 யூனிட்டில், 50 வாட் லேப்டாப் 40 மணி நேரம் ஓடும். தினம் இரண்டு மணி நேரம் ஹீட்டர் எரிந்தால், 25 நாளில் 100 யூனிட் தீர்ந்துவிடும். முதலில் ஸ்வெட்டரும் குல்லாவும் போடுங்கள்.

ஸ்கிரீன் சேவர்

இது கரண்டை மிச்சப்படுத்தாது. திரையை அணையவிடுங்கள்.

பனியிலிருந்து வந்ததும் ஆன் செய்வது

குளிர்ந்த லேப்டாப் சூடான அறைக்கு வந்தால் உள்ளே நீர் கோர்க்கும். அரை மணி நேரமாவது பையிலேயே இருக்கட்டும்.

ஜன்னலைப் பார்த்து உட்காருவது

இதை யாரும் தவறு என்றே நினைப்பதில்லை. மூடுபனி இறங்கினால் ஜன்னல் முழுக்க வெள்ளை வெளிச்சம். அதற்கு முன்னால் திரை மங்கலாகத் தெரிவதால் பிரைட்னஸை நூறுக்கு ஏற்றுகிறோம். கண்ணும் எரியும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். மேசையைத் திருப்பி, ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி போடுங்கள். பாதி பிரைட்னஸே போதும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையை மட்டும் திருப்பி, இருபது விநாடி எதிரே உள்ள தேயிலைச் சரிவைப் பாருங்கள். பனி மூடியிருந்தால், அறையின் எதிர்மூலையைப் பார்த்தாலும் சரி.