கலிபோ அதி-அதிஹான் போகிறீர்களா?

பிலிப்பீன்ஸின் பனாய் தீவில், கலிபோ நகரில் நடக்கும் அதி-அதிஹான் திருவிழா ஜனவரி மூன்றாம் ஞாயிறன்று உச்சம் பெறும். போர்னியோவிலிருந்து வந்த பத்து தாத்துகள் (குலத் தலைவர்கள்) தங்கத் தொப்பி கொடுத்து அதி பழங்குடியினரிடம் நிலம் வாங்கினார்கள், பிறகு அவர்களைப் போலவே முகத்தில் கரி பூசி ஆடினார்கள் என்பது கதை. இன்று விழா நாயகர் குழந்தை இயேசு.

ஒரு நாள்தான் முடியும் என்றால் ஞாயிறைத் தேர்ந்தெடுங்கள்: காலையில் திருப்பலி, பிற்பகலில் ஊர்வலம். செபு நகரின் சினுலோக் திருவிழா போல ஓரமாக நின்று பார்க்கும் விழா அல்ல இது. ஏதாவது ஒரு முரசுக் குழுவின் பின்னால் சேர்ந்து "ஹாலா பிரா!" என்ற விழா முழக்கத்தோடு ஆடிக்கொண்டே போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

கரி பூசுவதென்றால் முதலில் முகத்திலும் கழுத்திலும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். வெறும் தோலில் பூசினால் துளைகளில் இறங்கி, சோப்புக்கு அசையாது. கழுவும்போதும் எண்ணெயில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டுத்தான் தண்ணீர். அதி மக்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். அவர்களைக் கேலி செய்வதுபோல வேஷம் போட வேண்டாம். பூசாமலும் தாராளமாக ஆடலாம்.

செருப்பு வேண்டாம், நெரிசலில் கால் மிதிபடும், ஷூ போடுங்கள். முரசுக்குப் பக்கத்தில் நடந்தால் காதடைப்பான் (இயர்பிளக்) அவசியம். கலிபோவில் அறை கிடைக்காவிட்டால் அதே தீவின் கடிக்லான் ஊரில் தங்கலாம். வேனில் சுமார் இரண்டு மணி நேரம்.