பிரிட்டன் பல்கலைக்கழகத்தில் பொங்கல் மாலை: தமிழ்ச் சங்கக் குழுவினருக்கு

ஜனவரி 14 அல்லது 15ஆம் தேதிதான் வைக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை முதலில் விடுங்கள். பல பல்கலைக்கழகங்களில் அந்த வாரம் பரீட்சை நடக்கும். பரீட்சை இல்லாதவர்கள் வீட்டிலிருந்து திரும்பியே இருக்க மாட்டார்கள். ஜனவரி கடைசிச் சனிக்கிழமை நல்ல நாள், பிப்ரவரி முதல் சனிக்கிழமையும் பரவாயில்லை. தை பிறந்து மூன்று வாரம் கழித்துப் பொங்கினாலும் அது தைப்பொங்கல்தான்.

மண்டபத்தை அக்டோபரிலேயே கேளுங்கள். கேட்கும்போதே நான்கு விஷயங்களுக்கு எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். வெளிச் சாப்பாடு கொண்டுவரலாமா? சமையலறையைத் தருவார்களா? புகை உணர்கருவியை அந்த இரண்டு மணி நேரத்துக்கு நிறுத்தி வைக்க முடியுமா? பக்கத்தில் திறந்த முற்றம் உண்டா? முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்றால் வேறு இடம் பாருங்கள். மாணவர் யூனியனின் சொந்த கேட்டரிங்தான் கட்டாயம் என்றால் பொங்கலுக்குப் பதில் சாண்ட்விச்தான் கிடைக்கும். என்ன ஆபத்து வரலாம், எப்படித் தடுப்பீர்கள் என்று கேட்கும் ரிஸ்க் அசெஸ்மென்ட் படிவத்தை மூன்று நான்கு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். ‘சமைப்போம்’ என்று மொட்டையாக எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். எந்த அடுப்பு, எத்தனை லிட்டர் பானை, யார் பக்கத்தில் நிற்பார், தீயணைப்புப் போர்வை எங்கே இருக்கும் என்று எழுதினால் பெரும்பாலும் ஒரே சுற்றில் முடியும்.

பால் பொங்க வைப்பது

எல்லாரும் காத்திருப்பது இந்தப் பத்து நிமிடத்துக்குத்தான். சொதப்புவதும் பெரும்பாலும் இங்கேதான்.

உள்ளே நெருப்புக்கு அனுமதி அநேகமாகக் கிடைக்காது. முற்றத்தில் கேஸ் அடுப்பு வைக்க அனுமதி கிடைத்தால் சிலிண்டரைக் கவனியுங்கள். நீல நிறச் சிலிண்டரிலும் கையடக்க கேம்பிங் அடுப்புக் குப்பிகளிலும் பெரும்பாலும் இருப்பது பியூட்டேன். அது ஏறக்குறைய 0 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். 3, 4 டிகிரிக் குளிரில் சுடர் சுருங்கிப் போகும், பால் வெதுவெதுப்போடு நின்றுவிடும். சிவப்புச் சிலிண்டரில் வரும் புரொப்பேன் −42 டிகிரி வரை ஆவியாகும், ஆகவே ஜனவரிக்கு அதுதான் சரி. அதற்கான 37 மில்லிபார் ரெகுலேட்டர் வேண்டும், பியூட்டேனுக்கான 28 மில்லிபார் பொருந்தாது. மழைக்குப் போடும் கூடாரத்தின் நான்கு பக்கத்தையும் மூடி உள்ளே அடுப்பு எரிக்க வேண்டாம். அதில் சேரும் கார்பன் மோனாக்சைடு நச்சு வாயு, வாசனையும் கிடையாது.

நேரத்தையும் மறக்காதீர்கள். ஜனவரிக் கடைசியில் லண்டனில் நாலே முக்கால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும், வடக்கே போகப் போக இன்னும் முன்னால். சூரியனைப் பார்த்துப் பொங்க வேண்டும் என்றால் நிகழ்ச்சியைப் பகல் இரண்டு மணிக்குத் தொடங்குங்கள். அது முடியாவிட்டால் சூரியனைக் கோலத்தில் வரைந்துகொள்ளலாம்.

உள்ளேதான் என்றால் இண்டக்‌ஷன் அடுப்பு. மண்பானை, பித்தளை, அலுமினியம் எதுவும் அதில் சூடேறாது. அடியில் காந்தம் ஒட்டுகிற, கழுத்து குறுகிய எவர்சில்வர் பானையாகப் பாருங்கள். இஞ்சிக் கொத்தையும் மஞ்சள் கொத்தையும் கழுத்தில் மட்டும் கட்டுங்கள், இலை அடுப்புத் தட்டில் படக்கூடாது. பாதி பாலும் பாதி தண்ணீருமாகப் பானையின் முக்கால் பங்கு ஊற்றுங்கள். பால் நீல மூடி போட்ட முழுக்கொழுப்புப் பாலாக இருக்கட்டும். 2 கிலோவாட் அடுப்பில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த 2 லிட்டர் பொங்க ஏழெட்டு நிமிடம் ஆகும். முன்கூட்டியே வெதுவெதுப்பாக்கி வைத்தால் நான்கு. அறிவிப்பாளர் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் பொங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆளுக்கொரு போனை எடுத்துவிடுவார்கள்.

தொடுபலகை உள்ள அடுப்பில் பால் வழிந்தால் அது தானாக அணைந்து கத்தத் தொடங்கும். அது பழுதல்ல, அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். திருகு உள்ள அடுப்பை வாங்குங்கள், அடியில் பெரிய தட்டு வையுங்கள். நுரை வாய்க்கு மேலே எழுந்ததும் ஒருவர் அணைக்க, மற்றவர்கள் ‘பொங்கலோ பொங்கல்’ சொல்லட்டும். பிறகு ஆளுக்கொரு கைப்பிடி அரிசி போடலாம். ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் இரண்டு அடுப்பு கூடாது. 13 ஆம்பியர் பிளக் சுமார் 3 கிலோவாட்தான் தாங்கும், ஃபியூஸ் போனால் மைக்கும் சேர்ந்து போகும்.

குத்துவிளக்குக்கு எல்இடி திரி. பார்க்கச் சுமார்தான், ஆனால் தீயணைப்பு மணி அடித்து முழுக் கட்டடமும் குளிரில் நிற்பதைவிட மேல். கோலத்தைத் தரையில் போடாதீர்கள். வழுக்கும், கார்ப்பெட்டில் கலர்ப்பொடி இறங்கினால் சுத்தம் செய்யும் செலவு உங்கள் தலையில். கறுப்பு ஃபோம் பலகையில் போட்டு வாசலில் வைத்தால் போதும்.

நூறு பேருக்குச் சர்க்கரைப் பொங்கல்

மேடையில் பொங்குவது அடையாளத்துக்கு. பரிமாறப் போகும் பொங்கலை மாணவர் விடுதியின் பகிர்வுச் சமையலறையில் செய்யாதீர்கள், யூனியன் அனுமதிக்காது. மண்டபத்துச் சமையலறை கிடைத்தால், இணையத்தில் சில மணி நேரத்தில் முடிகிற லெவல் 2 உணவுச் சுகாதாரச் சான்றிதழை இரண்டு பேர் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உணவுச் சுகாதார மதிப்பெண் 5 (அதுதான் உச்சம்) உள்ள தமிழ்க் கடையில் ஆர்டர் கொடுங்கள். லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்ப்ளி பக்கம் பொங்கல் வாரத்தில் கரும்பும் மஞ்சள் கொத்தும் வரும். பிந்திய தேதியில் வைப்பவர்கள் கடைக்காரரிடம் முன்பே சொல்லி வையுங்கள், பொங்கல் முடிந்ததும் சரக்கு நின்றுவிடும்.

நீங்களே செய்வதானால், ஆளுக்கு 150 கிராம் கணக்கில்:

பச்சரிசி 2 கிலோ
பாசிப்பருப்பு அரை கிலோ
தண்ணீர் 10 லிட்டர், பால் 2 லிட்டர்
வெல்லம் 4 கிலோ
நெய் முக்கால் கிலோ
முந்திரி 400 கிராம், திராட்சை 250 கிராம்
ஏலப்பொடி 25 கிராம்

25 லிட்டர் கொள்ளும் அடிகனமான பாத்திரம் வேண்டும். பருப்பை வாசனை வரும்வரை வறுத்து, கழுவிய அரிசியோடு தண்ணீரில் குழைய வேகவிடுங்கள். பாலைக் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் சேர்த்தால் அடிபிடிப்பது குறையும். வெல்லத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள், மண்ணும் சக்கையும் இருக்கும். அரிசி விரலால் நசுங்குகிற பதம் வந்த பிறகே பாகை ஊற்றுங்கள், முன்னால் ஊற்றினால் அப்புறம் எவ்வளவு கொதித்தாலும் அரிசி வேகாது. பாகு போட்டதும் தீ சிறியதாக இருக்கட்டும், கொதிக்கவிட்டால் பால் திரியலாம். இறக்கும்போது கஞ்சி மாதிரித் தளர்வாகத் தெரிய வேண்டும். ஒரு மணி நேரத்தில் கெட்டியாகிவிடும், அப்போது இளக்கச் சூடான பால் ஒரு லிட்டர் தனியே வைத்திருங்கள்.

சோற்றை அறை வெப்பத்தில் விட்டுவைப்பது ஆபத்து. வேகும்போது சாகாத பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் முளைத்து நஞ்சை உண்டாக்கும், மறுபடி சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. 63 டிகிரிக்கு மேல் வைத்திருங்கள். அதற்குக் கீழே இறங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறி முடிக்க வேண்டும். குத்திப் பார்க்கும் வெப்பமானி பத்துப் பவுண்டுக்குள் கிடைக்கும்.

ஒவ்வாமை அட்டையை அவசரத்தில் எழுதாதீர்கள். பிரிட்டன் சட்டம் 14 ஒவ்வாமைப் பொருள்களைச் சொல்கிறது. நம் சாப்பாட்டில் முந்திரியும் பாலும் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். தவறவிடுவது மூன்று: சட்னித் தாளிப்பின் கடுகு, எள்ளு, பெருங்காயம். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும், ஆகவே சாம்பார் ‘குளூட்டன் இல்லை’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுத முடியாது. பொன்னிற உலர்திராட்சையில் சல்ஃபைட் (அதுவும் அந்த 14இல் ஒன்று) இருக்கிறதா என்று பொட்டலத்தைப் பாருங்கள். வீகன்காரர்களுக்குத் தேங்காய்ப்பாலில் ஒரு சிறு பானை, தனிக் கரண்டியோடு.

மேடையைச் சுருக்குங்கள்

கலைவிழா வேறு, இது வேறு. இங்கே ஆட்கள் ஒருவரோடொருவர் பேச வேண்டும். மூன்று மணி நேரத்தில் மேடைக்கு மொத்தம் நாற்பது நிமிடம் போதும். நான்கு நடனம் வைத்தால் வந்தவர்கள் தங்கள் நண்பருடைய நடனம் முடிந்ததும் போய்விடுவார்கள். ஸ்பான்சர் பேசுவதாக இருந்தால் சாப்பாட்டுக்கு முன் இரண்டு நிமிடம். பசித்திருக்கிற கூட்டம் அதற்கு மேல் பொறுக்காது.

ஈழத்துப் பிள்ளைகள், சென்னையிலிருந்து முதுகலை படிக்க வந்தவர்கள், மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர், தமிழ் புரிந்தும் பேசத் தயங்குகிற இங்கேயே பிறந்தவர்கள் எனக் கூட்டம் கலந்திருக்கும். விட்டால் அவரவர் கூட்டத்தோடு உட்கார்ந்துகொள்வார்கள். நுழையும்போது நிற அட்டை கொடுத்து அதன்படி ஆறு பேர் மேசைகளில் உட்கார வையுங்கள். பெயர் அட்டையில் ‘ஊர்’ கேட்காதீர்கள். சாதியை நூல் விட்டுப் பார்க்கிற கேள்வி என்று சிலருக்கு அது உறுத்தும். ‘சர்க்கரைப் பொங்கலா, புக்கையா, எங்கள் வீட்டில் என்ன சொல்வோம்’ என்று எழுதச் சொல்லுங்கள் (புக்கை ஈழத்துச் சொல்), பேச்சு தானாகக் கிளம்பும். பாட்டுக்குப் பாட்டு வேண்டாம், சினிமாப் பாட்டில் ஊறாதவர்கள் வாய்மூடி உட்கார்ந்திருப்பார்கள். பல்லாங்குழி, கேரம், பூக்கட்டக் கற்றுக்கொடுக்கும் மேசை எல்லாம் நன்றாக ஓடும். உறியடிக்கு மண்சட்டி கூடாது. காகிதக்கூழ்ச் சட்டியில் டாஃபி போட்டு, ஃபோம் தடியோடு, சுற்றிலும் மூன்று மீட்டர் தள்ளிக் கயிறு கட்டுங்கள்.

பூசை வேண்டுமென்றால் முன்னதாக, ஓரமாக, விரும்பியவர்களுக்கு. கிறிஸ்தவத் தமிழர்களும் பொங்கல் கொண்டாடுவார்கள்.

டிக்கெட்டை இலவசமாக்க வேண்டாம். பெயர் கொடுத்துவிட்டு வராதவர்களால் சாப்பாடு வீணாகும். ஐந்து பவுண்ட் என்றால் வருவார்கள். விற்பனையை நான்கு நாள் முன்பே மூடி, அந்தக் கணக்கைக் கடைக்காரரிடம் கொடுங்கள்.

துப்புரவுக்கு ஆறு பேரின் பெயரை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள், கடைசிப் பஸ் இருக்கும் ஆட்களாகப் பார்த்து. நெய்யையும் வெல்லப் பாகையும் சிங்க்கில் ஊற்றாதீர்கள், குளிரில் நெய் குழாய்க்குள்ளேயே உறையும். பானையை உடனே வெந்நீரில் ஊறப்போடுங்கள். போகும்முன் மண்டபத்தை நான்கு மூலையிலிருந்தும் படம் எடுத்து வைத்தால், வைப்புப் பணத்தைத் திரும்பக் கேட்கும்போது வாக்குவாதம் இருக்காது.