தூத்துக்குடி கண்டெய்னர் லைனுக்கு வரும் தம்பிகளுக்கு

லாரி ஓட்டத் தெரிந்தால் போதும், டிரெய்லரைச் சமாளித்துவிடலாம் என்று நம்பி வரும் பையன்களை எங்கள் ஸ்டாண்டில் அடிக்கடி பார்க்கிறேன். சமாளிக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கண்டெய்னர் லைனில் ஓட்டுவது பாதி வேலைதான். யார்டு வாசலில் நிற்பது, கம்பெனி வாசலில் நிற்பது, துறைமுக வரிசையில் நிற்பது, கையிலிருக்கும் சீட்டும் பின்னாலிருக்கும் பெட்டியும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது, இதெல்லாம் மீதிப் பாதி. சம்பளத்தில் மண் விழுவது பெரும்பாலும் அந்த மீதிப் பாதியில்தான். அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

லைசென்ஸ் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். வயது 20 ஆகியிருக்க வேண்டும், கார் லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். அப்புறம்தான் டிரான்ஸ்போர்ட் வண்டிக்கு எல்எல்ஆர் தருவார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். துறைமுகத்துக்குள் போகத் தனி பாஸ் உண்டு, அதை ஆபீஸில் எடுத்துத் தருவார்கள். ஹெல்மெட், ஒளிரும் ஜாக்கெட், ஷூ மூன்றும் வண்டியிலேயே கிடக்கட்டும். செருப்புக் காலோடு போனால் கேட்டிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

சாவியை வாங்கும் முன்னால் பேச வேண்டியது காத்திருப்புக் காசு. சில ஓனர்கள் மாதச் சம்பளமும் டிரிப்புக்கு பேட்டாவும் தருவார்கள், சிலர் டிரிப் கணக்கு மட்டும்தான். எதுவானாலும் சரி, கம்பெனியில் லோடு ஏற்றத் தாமதமானால், துறைமுக வரிசையில் ஒரு ராத்திரி போய்விட்டால், அந்த நாளுக்கு என்ன என்று முதல் நாளே கேள். நான் முன்பு இருந்த ஒரு இடத்தில் காத்திருப்புக்கு ஒரு பைசா கிடையாது, ஓடினால்தான் காசு. அப்படிப்பட்ட இடத்தில் டிரைவர் தூக்கத்தை விற்றுத்தான் சம்பாதிக்க வேண்டும். டயர் பஞ்சர், ஃபாஸ்டேக், அபராதம், பெட்டியில் விழும் நசுங்கல் இவையெல்லாம் யார் கணக்கு என்றும் கேள். பேசியதை வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிடு. வாய்ப்பேச்சு மாதக் கடைசியில் மறந்துபோகும்.

அடுத்து வண்டி. 14 வீல், 18 வீல், 22 வீல் என்று மூன்று வகை அதிகம் பார்ப்பாய். லாரியிலிருந்து வருகிறவனுக்கு இரண்டு விஷயம் கைக்குப் படிய நாளாகும். ஒன்று, ரிவர்ஸ். பெட்டியின் பின்பக்கம் வலது போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒடிக்க வேண்டும். வண்டி மடங்கத் தொடங்கியதும் ஸ்டியரிங்கைத் திருப்பி அதன் பின்னாலேயே போக வேண்டும். இடமிருந்தால் எப்போதும் வலதுபக்கமாக உள்ளே விடு. உன் ஜன்னலில் தலையை நீட்டினால் கடைசி டயர் தெரியும். இடதுபக்கம் மடக்கினால் கண்ணாடியில் பெட்டியின் பக்கச்சுவர் மட்டும்தான் தெரியும். இரண்டு, இடது திருப்பம். ஹெட் (டிரெய்லரை இழுக்கும் முன் வண்டி) போன வழியில் பின் டயர் போகாது, மூலையை உள்வாங்கி வெட்டும். நீ அகலமாக எடுக்கும்போது இடதுபக்கம் ஒரு சந்து திறக்கும், அதற்குள் பைக்காரன் நுழைவான். கட்டாயம் நுழைவான். இடது கண்ணாடியைப் பார்க்காமல் முழுத் திருப்பம் எடுக்காதே.

சரி, ஒரு டிரிப்பை எடுத்துக்கொள்வோம். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு நாற்பதடிப் பெட்டி. முதலில் தூத்துக்குடியில் எம்டி யார்டுக்கு, அதாவது காலிக் கண்டெய்னர்களை அடுக்கிவைக்கும் இடத்துக்கு, போய்க் காலிப் பெட்டி எடுக்க வேண்டும். இங்கேதான் புதுப் பையன்கள் அவசரப்படுவார்கள். யார்டு ஆள் ஏற்றிவிட்டான், சீட்டு தந்தான், கிளம்பிவிட்டேன் என்பார்கள். நீ கிளம்பாதே. கதவைத் திறந்து உள்ளே ஏறு. முதலில் மூக்கு. முன்னே தோலோ வெங்காயமோ போயிருந்தால் வாடை நிற்கும், அது துணியில் ஏறும். பலகைத் தரையில் கை வைத்துப் பார், ஈரமோ எண்ணெயோ இருக்கக்கூடாது. துருத்திக்கொண்டிருக்கும் ஆணியையும் பார். அப்புறம் வெளியே தெரிந்த ஆள் ஒருவனை நிறுத்தி, கதவைச் சாத்தச் சொல்லி, இருட்டில் கூரையையும் மூலைகளையும் பார். எங்காவது ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் வந்தால் அந்த வழியாகத் தண்ணீரும் வரும். அப்படிப்பட்ட பெட்டியை அங்கேயே மாற்றச் சொல். கம்பெனிக்காரன் வேண்டாம் என்று சொன்னால் சுமார் 330 கிலோமீட்டர் காலியாகத் திரும்ப வேண்டியது நீதான்.

பெட்டி நம்பரை சீட்டோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடு. நான்கு எழுத்து, நான்காவது எழுத்து ‘யு’. பின்னால் ஆறு எண், கடைசியில் கட்டத்துக்குள் ஒரு எண். ஒரு எண் மாறினாலும் துறைமுக கேட்டில் வண்டி ஓரங்கட்டப்படும். பழைய நசுங்கல், கிழிசல் இருந்தால் போட்டோ எடு, யார்டு சீட்டிலும் எழுதச் சொல். இல்லையென்றால் அந்த நசுங்கல் உன் தலையில் விழும்.

உயரத்தை மறக்காதே. ஹைகியூப் என்கிற உயரம் கூடிய பெட்டி மட்டும் ஒன்பதரை அடி. டிரெய்லர் தளம் தரையிலிருந்து ஐந்தடி வைத்துக்கொள். பதினான்கரை அடி ஆகிவிட்டது. ஹைவேயில் கவலையில்லை. திருப்பூருக்குள் கம்பெனி இருக்கும் தெருக்களில் கேபிள் ஒயர், வேப்பங்கிளை, ரயில்வே சுரங்கப்பாதை எல்லாம் உண்டு. கூகுள் மேப் காருக்கு வழி சொல்லும். நீ கம்பெனி செக்யூரிட்டிக்கு போன் போட்டு, “அண்ணே, நேற்று நாற்பதடி எந்த வழியாக வந்தது?” என்று கேள். அவர் சொல்வதுதான் வழி.

லோடு ஏற்றுவதைப் பார்ப்பது உன் வேலையில்லை, ஆனால் சீல் போடுவதைப் பார்ப்பது உன் வேலை. கப்பல் கம்பெனி போல்ட் சீல் ஒன்று இருக்கும், கம்பெனியிலேயே ஏற்றும் ஏற்றுமதிச் சரக்குக்கு மின்னணு சீலும் இருக்கும். பூட்டியதும் கையால் இழுத்துப் பார். நம்பரை பில்லோடு ஒப்பிட்டு போட்டோ எடு. வழியில் எந்த அதிகாரி திறக்கச் சொன்னாலும் நீயாக சீலில் கை வைக்காதே. ஆபீஸுக்கு போன் போடு. அவர்களே திறந்தால் எழுதி வாங்கு, புதுச் சீல் நம்பரையும் சேர்த்து.

எடைக்குப் பனியன் சரக்கில் பயமில்லை. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தேங்காய் நார்க்கழிவுக் கட்டி ஏற்றினால்தான் வண்டி உட்காரும். ஹைவே ஏறும் முன்னால் எடை மேடையில் ஏற்றிவிடு. 2019 திருத்தச் சட்டப்படி கூடுதல் லோடுக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலே 2,000. சரக்கு அவர்களுடையது, ஆனால் ரோட்டில் மடக்கும்போது அங்கே நிற்பது நீ. கப்பலுக்கும் 2016 ஜூலையிலிருந்து எடை உறுதிச் சீட்டு இல்லாமல் பெட்டி ஏறாது. இ-வே பில்லில் (சரக்கு ரோட்டில் போக ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் சீட்டு) வண்டி நம்பர் சரியா, காலாவதி எப்போது என்று பார். 200 கிலோமீட்டருக்கு ஒருநாள் கணக்கு. வண்டி மாறினால் பில்லிலும் மாற்ற வேண்டும்.

திரும்பும் வழி தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, அருப்புக்கோட்டை, எட்டயபுரம். கம்பெனியில் சாயங்காலம் லோடு என்றால் நடுராத்திரிதான் விடுவார்கள். ஆபீஸிலிருந்து “கட்-ஆஃப் இருக்கு, காலையில் கேட்டில் நில்” என்பார்கள். கட்-ஆஃப் என்றால் கப்பலுக்குப் பெட்டியை ஒப்படைக்கும் கடைசி நேரம். சட்டம் ஒருநாளைக்கு 8 மணி நேரம் என்கிறது. இந்த லைனில் அதை யாரும் உனக்காக எண்ண மாட்டார்கள், நீதான் எண்ண வேண்டும். ராத்திரி இரண்டிலிருந்து ஐந்து வரை கண் இழுக்கும் நேரம். டீ, வெற்றிலை, பாட்டு எதுவும் அதை நிறுத்தாது. வெளிச்சமுள்ள பங்க்கில், கதவுப் பக்கம் இன்னொரு வண்டியையோ சுவரையோ ஒட்டினாற்போல நிறுத்தித் தூங்கு. சீலும் பத்திரம், தூக்கமும் ஆச்சு. தாமதத்தை எந்த இடத்திலிருந்து, எத்தனை மணிக்கு என்று ஆபீஸுக்கு மெசேஜில் போட்டுவிடு. போனில் சொன்னால் கணக்கில் வராது.

லோடு வண்டியைவிடக் காலிப் பெட்டி பயம் தரும் இடமும் உண்டு. ஆனி, ஆடியில் கயத்தாறு, ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிகள் சுற்றும் அத்தனை காற்றும் பெட்டியின் பக்கச்சுவரில் வந்து அடிக்கும். காலி நாற்பதடிப் பெட்டி நான்கு டன்தான், ஆனால் பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். பாலம் முடிகிற இடத்திலும், பஸ்ஸைத் தாண்டி வெளியே வருகிற இடத்திலும் சட்டென்று தள்ளும். வேகத்தை நாற்பதுக்குக் கொண்டுவா, பெட்டியை டிரெய்லரோடு மூலைகளில் பிடித்துவைக்கும் லாக் எல்லாம் பூட்டியிருக்கிறதா என்று இறங்கிப் பார்.

லாக் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரோட்டில் நான்கு மூலையும் பூட்டியிருக்க வேண்டும். துறைமுகத்தில் தூக்கும் முன்னால் நான்கும் திறந்திருக்க வேண்டும். ஒன்று துருவேறி மாட்டிக்கொண்டாலும் கிரேன் பெட்டியோடு டிரெய்லரையும் சேர்த்துத் தூக்கும். வரிசையில் நிற்கும்போதே நேரம் மிச்சமென்று கேட்டுக்கு வெளியே லாக்கைத் திறந்துவைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அப்படித் திறந்த வண்டி ரவுண்டானாவில் திரும்பினால் பெட்டி தனியாக இறங்கும். உள்ளே அதற்கென்று இடம் வைத்திருக்கிறார்கள், அங்கே மட்டும் திற. வாரத்துக்கு ஒருமுறை கிரீஸ் போடு. கிரேன் தூக்கும்போது, கேபினா வெளியே கோடு போட்ட இடமா, அந்த டெர்மினல் எங்கே இருக்கச் சொல்கிறதோ அங்கே இரு.

இறக்குமதிப் பெட்டியைக் கம்பெனியில் இறக்கும்போது கதவைத் திறக்கச் சொல்லி உன்னைத்தான் கூப்பிடுவார்கள். முதலில் திறப்பது வலது கதவு. அதன் நேர் எதிரில் நிற்காதே. வரும் வழியில் சரிந்த மூட்டையோ மரக்கட்டையோ கதவில் சாய்ந்திருக்கும். ஓரமாக நின்று கொஞ்சமாகத் திறந்து, எதுவும் தள்ளுகிறதா என்று பார்த்து, அப்புறம் விரித்துவிடு. மரம், முந்திரி போன்ற சரக்குக்குப் பூச்சி மருந்துப் புகை போட்டிருப்பார்கள். கதவில் மண்டையோடு ஸ்டிக்கர் இருந்தால் நீயாகத் திறக்காதே, விலகிப் போய்விடு. காற்றோட்டம் விட்டு, உள்ளே போகலாம் என்று பொறுப்பானவர் சொல்லும்வரை நீயும் ஏறாதே, லோடுமேன்களையும் ஏற விடாதே.

இறக்கிய பிறகு காலிப் பெட்டியை யார்டில் ஒப்படைக்கக் கெடு தேதி உண்டு. தாண்டினால் நாள் வாடகை ஏறும், பழி டிரைவர் மேல் வரும். அதனால் கெடுவுக்குள்ளேயே கொண்டுபோ. போகும் முன்னால் பெட்டியைப் பெருக்கி, பழைய ஸ்டிக்கரைக் கிழித்துவிடு. அழுக்காக இருந்தால் கழுவக் காசு கேட்பார்கள். ஒப்படைத்த சீட்டில் தேதியும் நேரமும் இருக்கிறதா என்று அங்கேயே பார். அசலை ஆபீஸில் கொடுக்கும் முன்னால் போட்டோ எடுத்துவை. பேட்டா கணக்கு பார்க்கும் நாளில், எந்த வாசலில் எத்தனை மணி நேரம் நின்றாய் என்று அவர்கள் கேட்டால் காட்ட அந்தப் போட்டோவும், நீ போட்ட மெசேஜும் போதும்.