காக்டீல் ஜோடி முட்டை வைக்காமல் இருந்தபோது

சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு காக்டீல்கள் (கொண்டை வைத்த சிறு கிளிகள்) இரண்டும் நன்றாகச் சாப்பிட்டன, கத்தின, ஆனால் முட்டையிட வைத்த பெட்டிப் பக்கமே போகவில்லை. கடைக்காரர் ஜோடி என்றுதான் கொடுத்தார். இரண்டுக்குமே முகம் பளிச்சென்று மஞ்சள், இரண்டுமே விசில் அடிக்கும். சாம்பல் நிற காக்டீலில் வளர்ந்த ஆணுக்குத்தான் அப்படி மஞ்சள் முகம். பெண்ணின் முகம் மங்கலாக இருக்கும், வாலின் அடியில் கோடுகள் தெரியும். ஒன்றை மாற்றி, பெண்ணைக் கொண்டு வந்தேன்.

அடுத்தது சூடு. சேலத்து வெயிலில் தகரக் கூரையின் கீழ் பெட்டி அடுப்பாகிவிடும். கிழக்குச் சுவரில், நிழலில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் மாட்டினேன். உள்ளே மரச்சீவல், நல்ல கனமாக. பிளைவுட் தூள் மட்டும் வேண்டாம், அதில் பசை இருக்கும். குளிக்க அகலத் தட்டில் தண்ணீர் வைத்தேன்.

தினையோடு முளைகட்டிய பாசிப்பயறு, முருங்கைக்கீரை, வேகவைத்த முட்டை கொடுத்தேன். கணவாய் ஓடு கட்டாயம். சுண்ணாம்புச் சத்து குறைந்தால் முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பெட்டை உப்பிப்போய் தரையில் உட்கார்ந்தால் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

அப்புறம் முட்டை வந்தது, ஒருநாள் விட்டு ஒருநாள். ஆணும் மாறி மாறி அடைகாத்தது, பார்க்க வேடிக்கைதான். பொரிக்க 18 முதல் 21 நாள். குஞ்சுகள் 4, 5 வாரத்தில் வெளியே வரும். அதுவரை பெட்டியைச் சும்மா திறந்து பார்க்காதீர்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் அதைச் சொல்லி மாளவில்லை.