கன்ட்ரோலரை டிக்கியில் ஏற்றும் முன்

குமரி மாவட்டத்தில் பல நிறுவனங்களுக்கு ஒரே கதைதான். தொழில் மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ ஒரு மாடிக் கடையில் ஆரம்பித்திருக்கும், வளர்ந்ததும் தலைமை அலுவலகம் நாகர்கோவிலுக்கு வந்துவிடும், ஆனால் எல்லா இடத்து வைஃபை கருவிகளையும் மேய்க்கிற வயர்லெஸ் கன்ட்ரோலர் என்ற பெட்டி மட்டும் பழைய மாடியில் இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் தூசி பிடித்து ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாள் யாராவது கேட்பார்கள், "இத எதுக்கு இன்னும் அங்க வச்சிருக்கோம், இங்க கொண்டு வந்திரலாமே" என்று. நியாயமான கேள்விதான். சுமார் 30 கிலோமீட்டர், கார் டிக்கியில் போட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். எனக்கும் முதல் தடவை அப்படித்தான் தோன்றியது. பெட்டி வந்து சேர்ந்துவிட்டது, வைஃபை வந்து சேர மூன்று நாள் ஆனது. கீழே சொல்வதெல்லாம் சிஸ்கோ கருவிகளை வைத்து. வேறு கம்பெனிப் பெட்டி என்றால் பெயர்கள் மாறும், சிக்கல்கள் பெரும்பாலும் இவைதான்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஏபிகளை, அதாவது கடையில் மாட்டி வைஃபை சிக்னல் தருகிற அக்சஸ் பாயின்ட்களை, லோக்கல் மோடிலேயே விட்டுவிடுவது. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. லோக்கல் மோடில் இருக்கிற ஏபி, போனிலிருந்தும் டேப்லெட்டிலிருந்தும் வரும் மொத்த டிராஃபிக்கையும் கேப்வாப் சுரங்கத்துக்குள் (ஏபிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே உள்ள தனிப் பாதை) போட்டு கன்ட்ரோலருக்கு அனுப்பிவிடும். கன்ட்ரோலர் அதே கட்டடத்தில் இருந்தவரை இது யாருக்கும் தெரியாது. அது நாகர்கோவில் போனதும் என்ன ஆகும் தெரியுமா? மார்த்தாண்டம் கடையில் பில் போடுகிற டேப்லெட்டும் பில் பிரிண்டரும் ஒரே மேசையில், நான்கடி இடைவெளியில் இருக்கின்றன. ஆனால் டேப்லெட்டிலிருந்து கிளம்பிய பில் நாகர்கோவில் போய், கன்ட்ரோலரைத் தொட்டு, திரும்பி மார்த்தாண்டம் வந்துதான் பிரிண்டரில் விழும். லைன் நன்றாக இருக்கும்போது இதுவும் தெரியாது, 30 கிலோமீட்டர் ஃபைபரில் தாமதம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. எங்கேயாவது ரோடு தோண்டி கேபிளை அறுத்தால்தான் தெரியும். கன்ட்ரோலரோடு தொடர்பு போனதும் லோக்கல் மோடு ஏபி தன்னிடம் இருக்கும் எல்லோரையும் உதறிவிடும். நான்கடி தள்ளி இருக்கிற பிரிண்டருக்குக்கூடப் பில் போகாது. கல்லாவில் இருக்கிற அண்ணாச்சியிடம் போய் "ஃபைபர் கட் ஆகியிருக்கு" என்றால், "நம்ம கடைக்குள்ள இருக்கதுக்கு எதுக்குடே வெளிய உள்ள கேபிள்?" என்று கேட்பார். பதில் சொல்லிப் பாருங்கள்.

இதற்கான வழி ஃபிளெக்ஸ்கனெக்ட். முன்பு எச்-ரீப் என்ற பெயரில் இருந்தது. ஏபியைக் கட்டுப்படுத்துவது மட்டும் தலைமை அலுவலகத்திலிருந்து, டேட்டா அந்தந்தக் கிளையின் ஸ்விட்சிலேயே இறங்கிவிடும். ஆனால் இதில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பொறிகள். ஏபியின் மோடை மட்டும் மாற்றிவிட்டு, டபிள்யூலானில் (கன்ட்ரோலரில் அந்த வைஃபைக்கான அமைப்பு) லோக்கல் ஸ்விட்சிங்கை டிக் செய்யாமல் விட்டால் டிராஃபிக் பழையபடி நாகர்கோவில்தான் போகும், ஏபியின் மோடில் ஃபிளெக்ஸ்கனெக்ட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து நாம் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவோம். அடுத்தது ஸ்விட்ச் போர்ட். லோக்கல் மோடுக்கு ஒரே விலான் (ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) போகிற ஆக்சஸ் போர்ட் போதும். இப்போது ஒவ்வொரு எஸ்எஸ்ஐடிக்கும் (போனில் தெரியும் வைஃபை பெயர்) ஒரு விலான் அந்த ஒற்றை வயரில் வர வேண்டும், அதனால் போர்ட்டைப் பல விலான் போகிற டிரங்க் ஆக்கி, ஏபியின் மேனேஜ்மென்ட் விலானை நேட்டிவ் (அடையாளக் குறி இல்லாமல் போவது) ஆக்கி, எஸ்எஸ்ஐடிக்கு எந்த விலான் என்று ஏபியிலோ ஃபிளெக்ஸ்கனெக்ட் குரூப்பிலோ குறித்தும் கொடுக்க வேண்டும். இதை விட்டால் போன் வைஃபையில் சேரும், ஐபி மட்டும் வராது. "கனெக்டட்னு காட்டுது சார், ஆனா ஒண்ணும் ஓடல" என்று போன் வந்தால் நான் முதலில் பார்ப்பது இந்தப் போர்ட்டைத்தான்.

மூன்றாவது பாஸ்வேர்ட். எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைக்கும் சாதாரண பிஎஸ்கே என்றால் லைன் அறுந்தாலும் ஏபி தனியாக நின்று புதியவர்களைச் சேர்த்துக்கொள்ளும். ஆளுக்கொரு யூசர்நேம் வைத்து 802.1எக்ஸ் ஓடுகிறது, அவற்றைச் சரிபார்க்கிற ரேடியஸ் சர்வர் நாகர்கோவிலில் மட்டும்தான் என்றால், லைன் போன நேரத்தில் புதிதாக யாரும் உள்ளே வர முடியாது. இந்த மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, இரண்டிலும் ரப்பர் மரம் கேபிள்மேல் விழும். 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்டே இல்லை. லைன் போகாது என்று நம்பி டிசைன் செய்வதற்கு இது ஊரில்லை. மாற்று ரேடியஸ் ஒன்றையோ ஏபியிலேயே சரிபார்க்கும் வசதியையோ முன்பே போட்டு வைக்கலாம்.

ரேடியஸ் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். கன்ட்ரோலரின் ஐபி மாறியதும் ரேடியஸ் சர்வரின் கிளையன்ட் பட்டியலில் புதிய ஐபியைச் சேர்க்க மறந்துவிடுவார்கள். தெரியாத ஐபியிலிருந்து வரும் கேள்விக்கு சர்வர் மறுப்புகூடச் சொல்லாது, சும்மா இருந்துவிடும். ஊழியருக்கோ பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டே இருக்கும். அவர் பாஸ்வேர்டை மாற்றித் தரச் சொல்லுவார், நாமும் மாற்றித் தருவோம், அதுவும் வேலை செய்யாது. ரேடியஸாக ஓடுவது விண்டோஸ் என்பிஎஸ் என்றால் ஈவென்ட் வியூவரில் 13 என்ற எண்ணைத் தேடுங்கள், எந்த ஐபியை அது ஏற்கவில்லை என்று அங்கே எழுதியிருக்கும்.

அப்புறம், ஏபிகளுக்குப் புதிய விலாசத்தை யார் சொல்வது? ஒரே சப்நெட்டில் இருந்தவரை ஏபி கூவிக் கூப்பிட்டே கன்ட்ரோலரைக் கண்டுபிடித்தது. இனி ஐபி கொடுக்கிற டிஹெச்சிபியில் ஆப்ஷன் 43 வேண்டும், அல்லது பெயரை ஐபியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் ஒரு பெயர். ஆப்ஷன் 43இல்தான் பாதிப் பேர் வழுக்குகிறார்கள். வடிவம் இதுதான்: முதலில் எஃப்1, அப்புறம் ஐபியின் நீளம் (பைட்டில்), அப்புறம் ஐபி, எல்லாமே ஹெக்ஸில் (16 அடிமான எண்). 10.10.5.20 என்றால் எஃப்1 04 0ஏ 0ஏ 05 14. இரண்டு கன்ட்ரோலர் கொடுத்தால் நீளம் 08 ஆக வேண்டும். பழைய வரியைக் காப்பி செய்து இரண்டாவது ஐபியை ஒட்டிவிட்டு 04ஐ அப்படியே விட்டவனில் நானும் ஒருவன். பெட்டியைக் கழற்றும் முன்பே ஒவ்வொரு ஏபியிலும் பிரைமரி கன்ட்ரோலராகப் புதியதன் பெயரையும் ஐபியையும் எழுதிவிட்டால் இன்னும் நல்லது. பெயர் கன்ட்ரோலரில் இருப்பதுபோலவே, பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட, அச்சுஅசலாக இருக்க வேண்டும்.

வழியில் ஃபயர்வால் இருந்தால் யுடிபி 5246, 5247 இரண்டையும் திறக்கச் சொல்லுங்கள். 5246 கட்டுப்பாட்டுக்கு, 5247 டேட்டாவுக்கு. எல்லாம் லோக்கல் ஸ்விட்சிங்தானே, 5247 எதற்கு என்று விட்டுவிட வேண்டாம், டேட்டா வழியிலும் உயிரோடு இருக்கிறாயா என்ற விசாரிப்பு போய்க்கொண்டிருக்கும், அது போகாவிட்டால் ஏபி சேர்வதும் விழுவதுமாக ஆடும். இதே ஆட்டம் எம்டியு (ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற அளவு) தகராறிலும் வரும். யூசர்நேம் போட்டு இணைகிற பிபிபிஓஇ லைனில் 1500 பைட்டுக்குப் பதில் 1492தான், அதன்மேல் பூட்டிய பாதையாக ஐபிசெக் விபிஎன் போட்டால் இன்னும் குறையும். சின்ன பிங் அழகாகப் போகும், லைன் சரி என்று சொல்லிவிடுவோம். பெரிய பாக்கெட்டை, துண்டாக்கக் கூடாது என்று சொல்லி பிங் செய்து பாருங்கள், அப்போது குட்டு உடையும்.

பெட்டியைப் பற்றியும் கொஞ்சம். 5508 மாதிரிப் பழைய கன்ட்ரோலர் என்றால் டேட்டா போர்ட்டுகள் எட்டும் எஸ்எஃப்பி வகை, தனி மாட்யூலைச் செருகினால்தான் வயர் மாட்டலாம். மாட்யூலை மார்த்தாண்டம் ஸ்விட்சில் விட்டுவிட்டு வந்தால் நாகர்கோவிலில் வெறும் ஓட்டையைப் பார்த்து நிற்க வேண்டும். இரண்டு வயரைச் சேர்த்து லேக் போடுவதென்றால் ஸ்விட்சில் எல்ஏசிபி (இரு பக்கமும் பேசித் தானாகச் சேர்வது) வேலை செய்யாது, மோட் ஆன் என்று வைக்க வேண்டும். இன்னொன்று, வருஷக்கணக்காக அணைக்காத பெட்டியைக் கழற்றி மாட்டும்போது கடிகார பேட்டரி செத்திருந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பானால் ஏபியும் கன்ட்ரோலரும் ஒன்றுக்கொன்று காட்டுகிற சான்றிதழ் செல்லாது, ஒரு ஏபிகூடச் சேராது. நான் ஆப்ஷன் 43ஐயும் ஃபயர்வாலையும் மாறி மாறி நோண்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் டீ கிளாஸோடு நின்ற பையன் திரையைக் காட்டி, "அண்ணே, தேதி என்ன இப்பிடி இருக்கு?" என்று கேட்டான். நெட்வொர்க்கிலிருந்து நேரத்தை எடுக்கும் என்டிபி போட்டதும் ஏபிகள் வரிசையாக வந்து சேர்ந்தன.

பழையதற்குப் பதில் தலைமை அலுவலகத்தில் புதுக் கன்ட்ரோலர் வாங்கியிருந்தால் வெர்ஷனைப் பாருங்கள். 1600, 2600, 3600 வரிசை ஏபிகள் கன்ட்ரோலர் சாஃப்ட்வேர் 8.5க்கு மேல் இருந்தால் சேராது. சேரக்கூடியவைகூட முதலில் புது சாஃப்ட்வேரை இறக்கி ரீபூட் ஆகும். பத்துப் பன்னிரண்டு ஏபி ஒரே நேரத்தில் கிளையின் ஒற்றை லைனில் அதை இழுத்தால் அன்றைய காலை வியாபாரம் போச்சு. கிளைக்கு ஒரு ஏபியை முதலில் மாற்றி, ஒரு நாள் விட்டுப் பார்த்து, பிறகு மற்றவை.

எந்த நாளில் செய்வது? டிசம்பர் 3, கோட்டார் சவேரியார் கோயில் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை, ஆபீஸ் காலி, அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு தடவை திட்டம் போட்டோம். லைன் ஆளும் விடுமுறை, சர்வர் ரூம் சாவி வைத்திருந்தவரும் கோட்டாரில். அதிலிருந்து சாதாரண சனிக்கிழமை இரவுதான்.

கடைசியாக, மாற்றி முடிந்ததும் ஏபிகளை எண்ணுங்கள். எங்களுக்கு ஒன்று குறைந்தது. நிலையான ஐபி போட்டது என்பதால் டிஹெச்சிபியும் கிடையாது, ஆப்ஷன் 43ம் கிடையாது, பழைய விலாசத்தையே தேடிக்கொண்டு குடோன் கூரைக்குக் கீழே பதினைந்தடி உயரத்தில் மினுக்கிக்கொண்டிருந்தது. கன்சோல் கேபிளோடு ஏறிப் போகத்தான் வேண்டியிருந்தது, ஏணி பக்கத்துப் பெயின்ட் கடையில் வாங்கினோம்.