மாத்திரையை விடாமல் எடுக்க, வாரம் ஒரு எஸ்எம்எஸ்

‘மாத்திரை போட்டீர்களா?’ என்று தினமும் வரும் செய்தி சீக்கிரமே பழகிப்போய், படிக்காமலே அழிக்கப்படும். கென்யாவில் எச்ஐவி மருந்து எடுப்பவர்களிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், வாரச் செய்தி பலன் தந்தது. தினசரிச் செய்தி தரவில்லை. 2010-இல் வெளியான இன்னொரு கென்ய ஆய்வில் செவிலியர்கள் வாரம் ஒருமுறை நலம் மட்டும் விசாரித்தார்கள். சிரமம் என்றவர்களையும், 48 மணி நேரத்தில் பதில் தராதவர்களையும் போனில் அழைத்தார்கள். வைரஸ் கட்டுப்பட்டவர்கள் செய்தி பெற்றோரில் 57 சதவீதம், பெறாதோரில் 48 சதவீதம். பிபி, சுகர் பார்க்கும் சிறிய கிளினிக்கும் இதே முறையைப் பின்பற்றலாம்.

முதலில் சம்மதம் வாங்குங்கள். போன் யார் கையில் இருக்கிறது என்றும் கேளுங்கள். பல வீடுகளில் அது மகனிடம் இருக்கும். அதனால் நோயின் பெயரும் மருந்தின் பெயரும் செய்தியில் வரவே கூடாது.

மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்பும் சேவை வேண்டாம். அதற்கு வாசகத்தை டிஎல்டி என்ற, தொலைபேசி நிறுவனங்களின் பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும், பதிந்தது சற்று மாறினாலும் செய்தி போகாது. அதைவிட, அந்தச் செய்தி போன் எண்ணிலிருந்து வராமல் எழுத்துகளால் ஆன ஒரு பெயரிலிருந்து வரும். அதற்கு நோயாளி பதில் போட முடியாது. தனி சிம் போட்ட ஒரு போன் போதும். பெரும்பாலான திட்டங்களில் நாளுக்கு 100 எஸ்எம்எஸ்தான். நோயாளிகளைக் கிழமைவாரியாகப் பிரித்துவிடுங்கள். அந்த எண்ணை கிளினிக் பெயரில் அவர்கள் போனில் அங்கேயே பதிந்து கொடுங்கள்.

தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறிகள்தான். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும்: ‘மருந்து’ நாலெழுத்து, கணக்கில் 7. மீறினால் இரண்டு செய்தியாகிக் காசு கூடும். இது 61-இல் அடங்கும்:

வணக்கம். நலமா? நலம் என்றால் 1, சிரமம் என்றால் 2 அனுப்புங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அதே நாளில் போன் செய்யுங்கள்.

2 அனுப்பியவரையும், 48 மணி நேரத்தில் பதில் தராதவரையும் போனில் அழையுங்கள். இந்த முறையின் உயிர் இருப்பது அந்த அழைப்பில்தான். ‘ஏன் விட்டீர்கள்?’ என்று கேட்டால் பொய்தான் வரும். ‘மாத்திரை கையில் எத்தனை இருக்கிறது?’ என்று கேளுங்கள். சுகர் மாத்திரை மெட்ஃபார்மினால் வயிற்றுப்போக்கு, பிபி மாத்திரை அம்லோடிபினால் கால் வீக்கம் என்று தாங்களாகவே நிறுத்தியவர்கள் இருப்பார்கள். அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். செவிலியர் அளவை மாற்றக் கூடாது. ‘விட்டதை இப்போது போடுங்கள்’ என்று எஸ்எம்எஸ்ஸில் எழுதவும் வேண்டாம், சிலர் இரண்டாகப் போட்டுவிடுவார்கள்.

30 நாள் மாத்திரை கொடுத்தால், 25-ஆம் நாள் மருந்து வாங்க வரச்சொல்லித் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள்.