மரத்துக்கு அடியில் தண்ணீர்: போரியல் சதுப்புக் காடுகளை வரைபடமாக்குவது எப்படி?

செயற்கைக்கோள் படத்தில் ஏரியைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை. தண்ணீர் கறுப்பாகத் தெரியும், சுற்றிக் கோடு போட்டுவிடலாம். கனடா, ரஷ்யா, ஃபின்லாந்து போன்ற வட நாடுகளின் குளிர்ப்பிரதேச ஊசியிலைக் காடுகளில், அதாவது போரியல் காடுகளில், சிக்கலே வேறு. அங்கே சதுப்பின்மேல் மரம் நிற்கிறது. மேலிருந்து பார்த்தால் காடு. இறங்கி நின்றால் காலடியில் பாசியும் தண்ணீரும்.

பழகுவதற்குக் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஃபோர்ட் மெக்மரி ஊரைச் சுற்றியுள்ள காட்டை எடுத்துக்கொள்வோம். செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே அலசும் கூகுள் எர்த் எஞ்சினில் ஒரு கணக்கு போதும். வணிக நோக்கமில்லாத வேலைக்கு இலவசம். ஆசைப்பட்டு மாகாணம் முழுவதையும் எடுக்காதீர்கள். 30 கிலோமீட்டருக்கு 30 கிலோமீட்டர் சதுரமே 10 மீட்டர் அளவில் 90 லட்சம் பிக்சல்.

படி 1: எதைத் தேடுகிறோம்?

கனடாவின் வகைப்பாட்டில் சதுப்பு நிலம் ஐந்து வகை. நமக்கு முக்கியமானவை இரண்டு: போக், ஃபென். இரண்டிலும் மக்காத தாவரம் பீட்டாகப் படிந்திருக்கும். கனடாவில் அது 40 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால்தான் பீட் நிலம் என்ற கணக்கு.

போக் நம் மொழியில் மானாவாரி. மழையும் பனியும் தவிர வேறு தண்ணீர் வராது. அதனால் சத்து குறைவு, அமிலத்தன்மை அதிகம், ஸ்ஃபேக்னம் பாசியின் ராஜ்ஜியம். அதன்மேல் குட்டையான கறுப்பு ஸ்ப்ரூஸ் மரங்கள். கைப்பிடிக்குள் அடங்கும் தண்டுக்கு நூறு வயது இருக்கலாம். ஃபென்னுக்கு நிலத்தடி நீரும் ஓடிவரும் நீரும் கிடைக்கும். கோரையும் டாமராக் மரமும் அங்கே அதிகம். ஃபோர்ட் மெக்மரி பக்கம் ஃபென்தான் நிறைய.

தொல்லை என்னவென்றால், கறுப்பு ஸ்ப்ரூஸ் மேட்டு நிலத்திலும் வளரும். மரத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

படி 2: பருவம் பார்த்துப் படம் எடுங்கள்

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் மேகத்தை நீக்கிவிட்டு மூன்று அடுக்கு செய்யுங்கள்: பனி உருகி முடியும் மே, செழித்த ஜூலை, பிறகு செப்டம்பர் கடைசி. ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு வருடப் படங்களைச் சேர்த்து இடைநிலை மதிப்பு எடுத்தால் ஓட்டை விழாது.

செப்டம்பர் அடுக்கை விட்டுவிடாதீர்கள். டாமராக் ஊசியிலை மரம்தான், ஆனாலும் இலை உதிர்க்கும். அதற்கு முன் தங்க நிறமாக மாறும். பச்சை ஸ்ப்ரூஸுக்கு நடுவே அந்த மஞ்சள் திட்டு தெரிந்தால், அங்கே ஃபென் இருக்க நல்ல வாய்ப்பு. ஆஸ்பெனும் மஞ்சளாகும், ஆனால் அது மேட்டு நில மரம், பெரும்பாலும் டாமராக்குக்கு முன்பே நிறம் மாறிவிடும். தேதியில் கொஞ்சம் சறுக்கினால் மேடு ஃபென் ஆகிவிடும்.

படி 3: ரேடார்

சென்டினல்-1 ரேடாரின் அலைநீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர், அடர்ந்த காட்டில் மேல் கிளைகளிலேயே பெரும்பகுதி சிதறிவிடும். ஜப்பானின் பால்சார் ரேடாருக்குச் சுமார் 24 சென்டிமீட்டர். அது இலைகளைத் தாண்டி இறங்கி, தண்ணீரில் பட்டு, தண்டில் மோதித் திரும்பும். அதனால் மரத்தடியில் நீர் தேங்கிய இடம் பளிச்சென்று தெரியும். கிடைமட்டமாக அனுப்பிக் கிடைமட்டமாகவே பெறும் அடுக்கை எடுங்கள். படம் பிடித்த தேதியையும் பாருங்கள். தரை உறைந்திருந்தால் அந்தப் பளிச்சு மங்கிவிடும்.

படி 4: சரிவு

தண்ணீர் பெரும்பாலும் தட்டையான இடத்தில்தான் தேங்கும், அதனால் சரிவும் ஒரு அடுக்கு. அதற்கு ஐரோப்பாவின் கோப்பர்நிகஸ் திட்டத்தின் 30 மீட்டர் உயரத் தரவு போதும். அது மர உச்சியையும் சேர்த்தே அளக்கும், ஆகவே காட்டு ஓரங்களில் பொய்யான மேடு வரும். கொஞ்சம் மழுங்கடித்துவிட்டுச் சரிவைக் கணக்கிடுங்கள்.

படி 5: மாதிரிப் புள்ளிகள்

எது போக், எது ஃபென், எது மேடு என்று நாமே குறித்துக் கணினிக்குக் கற்றுத்தரும் புள்ளிகள் இவை. உங்கள் நேரத்தில் பாதி இங்கேதான் போகும், போகவும் வேண்டும். தெளிவான படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சில ஃபென்களில் நீர் ஓடும் திசைக்குக் குறுக்காக, வயல் வரப்புபோல மேடும் இடையில் ஈரப் பள்ளமுமாக வரி வரியாகத் தெரியும். அது கிடைத்தால் தயங்காமல் ஃபென் என்று குறித்துக்கொள்ளலாம்.

2016 மே மாதம் இங்கே பிடித்த தீ சுமார் 5.9 லட்சம் ஹெக்டேரை எரித்தது. கருகிய நிலமும் கறுப்பு, ஈர நிலமும் கறுப்பு. தீத்தடத்துக்குத் தனி வகுப்பு வையுங்கள்.

என் முதல் வரைபடத்தின் துல்லியம் தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டியது. குதித்தேன். அப்புறம்தான் புரிந்தது: எல்லாப் புள்ளிகளையும் மூன்றே சதுப்புகளில் வைத்திருந்தேன், சோதனைப் புள்ளிகள் பயிற்சிப் புள்ளிகளுக்குப் பக்கத்து வீடு. வினாத்தாளைக் கொடுத்துவிட்டுப் பரீட்சை வைத்த கதைதான். சதுரத்தைக் கட்டங்களாக வெட்டி, சில கட்டங்களை முழுதாகச் சோதனைக்கு ஒதுக்கியதும் எழுபதுகளுக்கு இறங்கியது.

படி 6: வகைப்படுத்தல்

ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற கணினி முறை, 200 மரங்கள் (காட்டு மரமல்ல, கேள்வி கேட்டுக் கேட்டுக் கிளை பிரியும் முடிவு மரங்கள்), எல்லா அடுக்குகளும். ஓடவிட்டுக் காபி குடித்துவிட்டு வாருங்கள்.

படி 7: பிழை அட்டவணை

எந்த வகுப்பு எதுவாகத் தவறாகக் குறிக்கப்பட்டது என்று காட்டும் அட்டவணை இது. மொத்தத் துல்லியத்தை ஓரமாக வையுங்கள். மேட்டு ஸ்ப்ரூஸும் போக்கும் எத்தனை முறை இடம் மாறியிருக்கின்றன என்ற இரண்டு கட்டங்களை முதலில் பாருங்கள். அதிகமென்றால் வகுப்புகளைக் கலைக்க வேண்டாம். சந்தேகமான இடங்களிலேயே இன்னும் புள்ளிகள் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். வகுப்போடு நிகழ்தகவையும் ஒரு அடுக்காக எடுத்து, 60 சதவீதத்துக்குக் கீழே உள்ளதைச் சாம்பல் நிறத்தில் விடுங்கள். என் படத்தில் அந்தச் சாம்பல், சதுப்புகளைச் சுற்றி மெல்லிய வளையமாக விழுந்தது. அங்கே பீட் படிப்படியாக மெலிந்து மேட்டு நிலத்தோடு கலக்கிறது. கோடு எங்கே என்று நேரில் போனாலும் சட்டென்று சொல்ல முடியாது.